பதினோராவது குழி

மகளின் அறையைத் துடைத்துவிட்டு நிமிர்ந்த செந்தாமரை, தரையிலிருந்த ஈரமெல்லாம் ஒன்றுசேர்ந்து சன்னலடி மூலையைப் பார்த்து ஊர்ந்துபோவதைக் கண்டு கணவனைக் கூப்பிட்டாள். மணிகண்டபிரபு வந்து நின்று பார்த்தான். தண்ணீர் ஓடியிருந்தால் சரிவு என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். அது ஓடவில்லை. நூலாக இழுபட்டது, நின்றது, மறுபடி இழுபட்டது. யாரோ இளநீரின் அடியை உறிஞ்சுவதுபோல விட்டுவிட்டு மூலைக்குப் போய், சுவரும் தரையும் சேரும் கோட்டுக்குள் இறங்கிக் காணாமல் போயிற்று.

"போன மாசம் வரைக்கும் வாசப்பக்கமாத்தான் வந்துகினு இருந்துது," என்றாள் செந்தாமரை.

டைல்ஸ் போட்டவன் ஒழுங்காகப் போடவில்லை என்றான் மணிகண்டபிரபு. கட்டட உலகில் எல்லாப் பாவமும் கடைசியில் டைல்ஸ் போட்டவன் தலையில்தான் விடியும்; அவனும் மறுப்புச் சொல்ல அங்கே இருக்கமாட்டான். சொல்லிவிட்டுச் சிரிக்கவும் செய்தான். ஆனால் பிடரியில் வேர்த்திருந்தது. கார்த்திகை மாதத்து அடைமழையில், மின்விசிறிகூடப் போடாத அறையில். அந்த மூலைக்குக் கீழே நிற்பது எத்தனையாவது தூண் என்று அவனுக்குத் தெரியும்.

நாற்பத்து நான்கு வயதில் மணிகண்டபிரபுவிடம் ஒரு டிப்ளமோ, தபால்வழியில் வந்த ஒரு பட்டம், ஒரகடம் கூட்டுரோட்டில் பேக்கரி மாடியில் ஓர் ஆபீஸ், 'மண்ணியல் வல்லுநர்' என்று தங்க எழுத்தில் மின்னும் விசிட்டிங் கார்டு ஆகியவை இருந்தன. மண்ணைப் பற்றி அவன் நிறையப் பேசினான். மண் அவனைப் பற்றி இதுவரை ஒன்றும் பேசியதில்லை.

அவன் குடியிருந்தது பிள்ளைப்பாக்கம் தாண்டி உள்ளே போகும் 'கிராண்ட் லேக் வியூ' மனைப்பிரிவில். வீட்டிலிருந்து ஏரி தெரியும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வீடே ஏரியின் வயிற்றில்தான் இருக்கிறது என்பதைப் போட இடம் போதவில்லை போலிருக்கிறது. நல்ல களிமண். கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழையில் இட்லி மாவு மாதிரி உப்பும். மேலே கட்டியதை வருடத்துக்கு ஒருமுறை தூக்கி ஒருமுறை இறக்கும். அக்கம்பக்கத்து வீடுகளின் சுவர்களில் மாடிப்படி போட்டதுபோல விரிசல் ஏறியிருந்தது. மனைகள் விற்காமல் கிடந்தன. மனைப்பிரிவின் முதலாளி கோதண்டராமன், களிமண்ணிலும் அசையாத வீடு ஒன்றைக் கட்டிக் குடியிருந்து காட்ட ஆள் தேடியபோது, மணிகண்டபிரபு மார்பைத் தட்டிக்கொண்டு முன்னால் வந்தான்.

வித்தை ஒன்றும் ரகசியமில்லை. பன்னிரண்டு அடிக்குக் கீழே மண் வெயிலும் அறியாது, மழையும் அறியாது, அசையாது. அதுவரை குழி துளைத்து, அடியில் பானை வயிறு மாதிரி குடைந்து, கம்பியும் கான்கிரீட்டும் இறக்கினால் தூண். தூண்களின் தலையில் உத்தரம். உத்தரத்துக்கும் தரைமண்ணுக்கும் நடுவே நான்கு விரற்கடை வெற்றிடம். மண் உப்பினால் அந்த இடைவெளியில் உப்பிக்கொள்ளட்டும். வெளியே அது தெரியாமல் வீட்டைச் சுற்றி ஒற்றைச் செங்கல் மறைப்பு, காற்றுப் போக அங்கங்கே ஓட்டை. ஆவணியில் நடந்த புதுமனை புகுவிழாவில், பாயசம் குடித்துக்கொண்டிருந்த இருநூறு பேருக்கு இதை விளக்கினான். "என் வூடு மண்ணைத் தொடாதுங்க. மண்ணு இன்னா ஆட்டம் வேணாலும் ஆடட்டும்." கைதட்டினார்கள். பாயசமும் நன்றாக இருந்தது.

பதினோராவது குழியைப் பற்றி அவன் யாருக்கும் விளக்கவில்லை.

மாசி மாதம் ஒரு பகல். குழி போட்டவன் வடக்குப்பட்டு சுப்பன். முக்காலி நட்டு, நான்கு ஆள் சுற்றும் துளைப்பான் வைத்திருந்தான். பத்துக் குழிகளும் ஒழுங்காக இறங்கின. ஒவ்வொன்றும் முப்பது சட்டி கான்கிரீட் குடித்தது. பதினோராவதில் பத்தடி தாண்டியதும் துளைப்பான் சுற்றாமலே இறங்கிற்று. சுப்பன் ஆட்களை நிறுத்தச் சொன்னான். கயிற்றில் செங்கல் கட்டி ஆழம் பார்த்தார்கள். கயிறு தீர்ந்ததே தவிர செங்கல் எதன் மேலும் உட்காரவில்லை. பழைய கிணறாக இருக்கும், கொட்டு என்றான் மணிகண்டபிரபு. கொட்டினார்கள். முப்பது, அறுபது, நூறு. நூற்றுப் பத்தாவது சட்டியில் சுப்பன் கையைக் குறுக்கே நீட்டினான்.

"கொட்றது தெரியுது சார். வுழற சத்தம் ஒண்ணுகூட வர்ல."

மறுநாள் கோதண்டராமன் விருந்தாளிகளோடு வருவதாக இருந்தது. குழி ஒன்று தோற்றுவிட்டது, வரைபடத்தையே மாற்ற வேண்டும் என்று அவர் முன்னால் எப்படிச் சொல்வது? நான்கடி ஆழத்தில் சாக்குகளைத் திணித்து அடைக்கச் சொல்லி, அதன் மேல் கம்பியை நிறுத்திக் கான்கிரீட் போட்டு மூடினான். பதிவேட்டில் பன்னிரண்டு அடி என்று எழுதிக் கையெழுத்திட்டான். பத்துத் தூண்கள் வீட்டைத் தாங்கும். ஒன்று சும்மா தொங்கிக்கொண்டு போகட்டும். அதன் மேல் வந்தது மகள் இசைவாணியின் அறை.

துடைத்த தண்ணீர் காணாமல் போன அன்று சாயங்காலம், செந்தாமரை வல்லம் வடகால் தொழிற்சாலையில் இரண்டாம் ஷிப்டுக்குப் போன பிறகு, அவன் தண்ணீர் நிரப்பிய ட்யூபைப் பிடித்து மட்டம் பார்த்தான். சன்னலடி மூலை பன்னிரண்டு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. மழைக்காலம். களி உப்பும் காலம். தெருவில் ஒவ்வொரு வீடும் நோஞ்சான் பிள்ளையைத் தோளில் தூக்கினாற்போல மேலே எழும்பிக்கொண்டிருக்கும்போது, இவன் வீட்டில் ஒரு மூலை மட்டும் கீழே போய்க்கொண்டிருந்தது. மண் அமுங்கினால் வீடு இறங்கும் என்று படித்திருக்கிறான். மண் உப்பும்போது இறங்க வேண்டுமானால் யாராவது பிடித்து இழுக்க வேண்டும். அதை அவன் படித்ததில்லை.

ட்யூபைச் சுருட்டும்போதுதான் வாடை வந்தது. முதல் மழையில் புழுதி கிளப்பும் வாடை அல்ல. நெடுநாள் மூடிவைத்த மண்பானையைத் திறந்து முகத்தை உள்ளே நுழைத்தால் வருமே, அந்தக் குளிர்ந்த, சற்றே இனித்த ஈரம், கட்டிலுக்கு அடியிலிருந்து வந்தது. குனிந்தான். கட்டிலுக்கு அடியில் இசைவாணி குப்புறப் படுத்துக் காதைத் தரையில் ஒட்டவைத்திருந்தாள். ஆறு வயது. கையில் சாக்பீஸ். தரையில் வரிசை வரிசையாகக் கோடுகள்.

"இன்னாடி பண்ற?"

"உஸ்," என்றாள். "இப்ப வரும்பா."

அவனும் படுத்தான். கன்னத்தில் டைல்ஸ் சில்லென்றது. தன் ரத்தம் ஓடும் இரைச்சல் கேட்டது, வெளியே தவளை கேட்டது, நெடுஞ்சாலையில் கார் ஏற்றிப்போகும் டிரெய்லரின் அதிர்வு தரை வழியே வந்து தேய்ந்தது. பிறகு, எல்லாவற்றுக்கும் கீழே, அவன் நினைத்திருந்த ஆழத்துக்கெல்லாம் கீழே, ஒரு சத்தம்.

சொத்.

ஈரமான, கனமான, அவசரமில்லாத ஒரு சத்தம். சட்டியிலிருந்து கான்கிரீட் விழும் சத்தத்தை இருபது வருடமாகக் கேட்டவனுக்கு அது என்ன என்று யாரும் சொல்ல வேண்டியதில்லை.

இசைவாணி ஒரு கோடு போட்டாள். "எண்பத்தி ஆறு," என்றாள்.

பெருச்சாளி என்று மகளிடம் சொன்னான். சாப்பிட உட்கார்ந்தபோது தனக்கும் அதையே சொல்லிக்கொண்டான். நம்புவதற்கு இரண்டு பேரும் கொஞ்சம் சிரமப்பட்டார்கள். மாசியில் போட்டது கார்த்திகையில் போய் விழுமா? ஒன்பது மாதம் விழுந்துகொண்டே இருக்க எத்தனை அடி வேண்டும்? கால்குலேட்டரை எடுத்தான். அதைப் பார்த்தான். திருப்பி வைத்தான்.

வெள்ளிக்கிழமை வடக்குப்பட்டுக்குப் போனான். சுப்பன் வீட்டு வாசலில் துளைப்பானுக்கு மசகு போட்டுக்கொண்டிருந்தான். மணிகண்டபிரபு சுற்றி வளைத்து, நிலத்தடி நீரோட்டம், மண்ணின் கட்டமைப்பு என்றெல்லாம் ஆரம்பித்தான். சுப்பன் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு, சத்தம் வருதா என்று கேட்டான். அத்தோடு நீரோட்டம் நின்றுபோனது.

"எத்தினி வந்துக்கீது?"

"தொண்ணூத்தி ஒம்போது."

சுப்பன் துணியைக் கீழே போட்டான். பிறகு, அன்று தான் சொல்லாமல் விட்ட ஒன்றைச் சொன்னான். நூற்றுப் பத்தாவது சட்டியைக் கொட்டியவனுக்குக் கை வழுக்கி, இரும்புச் சட்டியும் சேர்ந்தே உள்ளே போய்விட்டது. எட்டிப் பிடிக்கலாம் என்று அவன் குழிக்குள் கை விட்டான். அவன் கையில் எதுவோ சட்டியைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி ஒருமுறை தட்டியதாம், பிறகு எடுத்துக்கொண்டதாம். அந்த ஆள் மறுநாளே ஊருக்கு ரயிலேறிவிட்டான்.

"கடைசி சத்தம் இரும்பு சத்தமா வரும் சார். அது அடில பூட்ச்சின்னா அப்பால வுழ ஒண்ணும் இல்ல. அதுக்கு முன்னாடி கொயந்தைய அந்த ரூம்ல இருந்து இட்டுகினு பூடு. மேல ஒட்ச்சி, குழில தப்பு நடந்துக்கீதுன்னு ஒத்துகினு, வேற தூணு போட்லாம். நானே வர்றேன். கூலிகூட வாணாம்."

திங்கட்கிழமை பார்க்கலாம் என்றான் மணிகண்டபிரபு. ஞாயிற்றுக்கிழமை கோதண்டராமன் மனை வாங்கும் இருபது பேரை வேனில் அழைத்து வருகிறார். அசையாத வீட்டை அவர்கள் பார்க்க வேண்டும். அசையாத வீட்டைக் கட்டியவனையும் பார்க்க வேண்டும். ஒரு ஞாயிறு தாண்டினால் போதும்.

சனிக்கிழமைக்குள் குழந்தை அறையின் கதவு நிலையோடு இறுகிப்போனது. தோளால் இடித்தால்தான் திறக்கும். விட்டால் தானே போய் அடைத்துக்கொள்ளும். செந்தாமரை தொழிற்சாலையில் குறைபாடு கண்டுபிடிக்கும் வேலையில் இருப்பவள். ஒரு நாளில் இரண்டாயிரம் செல்போன் மூடிகளைத் திருப்பிப் பார்த்து எது கோணல் என்று சொல்லும் கண். அவள் கதவைப் பார்த்தாள், மூலையைப் பார்த்தாள், கடைசியில் கணவனைப் பார்த்தாள்.

"ஏங்க, இந்த வூட்ல எது ரிஜெக்டுன்னு எனக்குத் தெரிஞ்சி போச்சி," என்றாள். "நாளைக்கு காலைல எனக்கு ஓ.டி. கீது. ரெண்டு மணிக்கு வந்துடுவேன். பாப்பா அந்த ரூம் பக்கமே போவக்கூடாது. இன்னா?"

சரி என்றான். உண்மையாகவே சரி என்றுதான் நினைத்தான். அன்று இரவு மகளைக் கூடத்தில் தனக்கும் மனைவிக்கும் நடுவே போட்டுக்கொண்டான். அவள் தூக்கத்தில் இரண்டு முறை ஒரு விரலை நீட்டிப் பாயில் கோடு இழுத்தாள்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குக் கோதண்டராமன் போன் செய்தார். மழை பெய்தாலும் வேன் கிளம்பிவிட்டது. வருகிறவர்கள் குடும்பஸ்தர்கள், வெறும் சுவரைக் காட்டினால் மசியமாட்டார்கள். "பாப்பா அந்த ஏரி பார்த்த ரூம்ல டேபிள்ல உக்காந்து படிச்சிகிட்டு இருக்கட்டும் பிரபு. பார்த்ததும் மனசுல நிக்கும் பாருங்க."

மணிகண்டபிரபு ஏதோ சொல்ல வாயெடுத்தான். அந்த அறை வேண்டாம் சார் என்பது நான்கு வார்த்தைதான். நான்கையும் சொன்னால், ஏன் என்று ஐந்தாவதாக ஒரு கேள்வி வரும். இன்று காலையோடு மொத்தம் நூற்று ஐந்து. ஒன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே மணிக்கணக்கில் ஆகிறது. பத்து நிமிஷம்தானே.

மகளுக்குத் தலை வாரி, மஞ்சள் கவுன் போட்டு, மேசையில் உட்காரவைத்தான். செருப்பு வேண்டாம் என்றாள். கதவு தானே சாத்திக்கொண்டது. திறந்து பார்க்க ஒருமுறை இடித்தான், படித்துக்கொண்டிருந்தாள். போதும் என்று விட்டான்.

இருபது பேர் குடைகளோடு கூடத்தில் நிறைந்தார்கள். பகல் பதினொன்றரை மணிக்கு விளக்குப் போட வேண்டியிருந்தது. மழை அப்படி இருட்டியிருந்தது. கோதண்டராமன் அறிமுகம் செய்தார். மணிகண்டபிரபு கையில் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு தொடங்கினான். களிமண் என்பது ஓர் உயிருள்ள பொருள் என்றான். எல்லாக் கூட்டத்திலும் இப்படித்தான் தொடங்குவான்.

சொத்.

உள்ளங்காலில் உணர்ந்தான். யாரும் திரும்பவில்லை. நூற்று ஆறு. பேச்சைத் தொடர்ந்தான். அசையாத ஆழம். பானை வயிறு. தூண்.

சொத். சொத்.

நடுவே மணிக்கணக்கு இல்லை. மூச்சுவிடும் நேரம்தான் இருந்தது. தூண் என்றே மறுபடியும் சொன்னான். ஒரு அம்மாள் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டாள். இவன் கால்கள் குழந்தையின் அறைப்பக்கம் திரும்பிவிட்டன. முகம் மட்டும் கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. இப்போது ஓடினால் இருபது பேரும் கேட்பார்கள். இப்போது ஓடாவிட்டால்.

சொத்.

"இந்த வீடு," என்றான், "மண்ணைத் தொடவே..."

சொத். அதன் வாலைப் பிடித்துக்கொண்டே, நீளமாக, மிக ஆழத்திலிருந்து, கணீர் என்று ஓர் இரும்புச் சத்தம்.

அதை எல்லோரும் கேட்டார்கள். அடுக்களையில் பாத்திரம் விழுந்துவிட்டது என்றார் ஒருவர்.

பிறகு அந்தக் கதவு. தோளால் இடித்தால்தான் திறக்கும் கதவு. ஒரு கிறீச் இல்லை, ஒரு உரசல் இல்லை. தானாக, மெதுவாக, மரியாதையாகத் திறந்துகொண்டது.

மேசை இருந்தது. புத்தகம் விரித்திருந்தது. நாற்காலி பின்னால் தள்ளியிருந்தது. சன்னல் கம்பிகள் ஒன்றுகூட வளையவில்லை. கட்டிலுக்கு அடியில் கோடுகள் மட்டும். டைல்ஸ் ஒன்றுகூட உடையவில்லை, பெயரவில்லை. கையிலிருந்த ரசமட்டம் தரையில் விழுந்து புரண்டு நின்றது. குமிழி நட்டநடுவே நின்றது. அசையவில்லை. வீடு கட்டியதிலிருந்து முதல்முறையாக, மயிரிழை பிசகாமல், அந்தத் தரை மட்டமாக இருந்தது.

"பாத்தீங்களா," என்றார் பின்னால் கோதண்டராமன், கூட்டத்துக்கு.

அவன் கொல்லைப்பக்கம் ஓடினான். மழை. சன்னலடி மூலை. ஒற்றைச் செங்கல் மறைப்பை உதைத்தான். கால் விரல் பிய்ந்தது. மறுபடி உதைத்தான். செங்கல் உள்ளே விழுந்தது. இன்னொன்று. சேற்றில் குப்புற விழுந்து, செல்போன் விளக்கைப் போட்டு, கன்னத்தை மண்ணில் அழுத்தி உள்ளே பார்த்தான்.

நான்கு விரற்கடை. பூனைகூட வயிற்றை எக்கிக்கொண்டுதான் நுழைய முடியும். மேலே கான்கிரீட். கீழே களி. அந்தக் குளிர்ந்த இனித்த வாடை. களி ஈரமாக, மழமழவென்று, இப்போதுதான் பூசியதுபோல் இருந்தது.

அதில் காலடிகள்.

சிறிய காலடிகள். வெறுங்கால். மேசை இருக்கும் இடத்துக்கு நேர் கீழே தொடங்கின. இழுத்துக்கொண்டு போன தடமில்லை. நடந்து போன தடம். நிமிர்ந்து, குதிகால் பதித்து, விரல் பதித்து, ஓர் எட்டுக்கு ஓர் எட்டு அளவு பிசகாமல். நான்கு விரற்கடை உயரத்தில்.

"இசை," என்றான். கையை உள்ளே விட்டான். தோள்வரை போயிற்று. எட்டவில்லை.

பின்னால் குடைகள் வந்து கூடின. சார் அஸ்திவாரத்தையே திறந்து காட்டுகிறார், இப்படி எந்த இன்ஜினியர் காட்டுவான், கிட்ட வந்து பாருங்கள் என்று கோதண்டராமன் சொல்லிக்கொண்டிருந்தார்.

வெளிச்சத்தின் விளிம்பில், கடைசித் தடத்துக்கு ஓர் எட்டு முன்னால், வெறும் களி அழுந்தியது. முதலில் குதிகால். பிறகு ஐந்து விரல்கள், சின்னவிரல் கடைசியாக. தண்ணீர் ஊறி அதில் நிறைந்தது. அதற்கு முன்னால் இன்னொன்று. முன்னதைவிட ஆழமாக. இன்னொன்று, இன்னும் ஆழமாக. பதினோராவது தூணை நோக்கி.